குட்டி ஜீப்புக்கு ஊற்றிய நல்ல ஒயில்

என்னை இங்கே பேசக் கூப்பிட்ட உங்கள் மேற்பார்வையாளர், "காட்டுப் பாதையில் ஓடுகிற சின்ன வண்டிகளுக்கு சிந்தெடிக் ஒயில் எப்படித் தெரிவு செய்வது என்று புதியவர்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்டார். அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கேனின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர் வாசித்துக்கொள்ளலாம். எனக்கும் வாசிக்கத் தெரியும். தெரிந்தும் வாசிக்காமல் ஊற்றினேன். அதனால் ஒரு மனுஷனுடைய வேலை போகப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன். ஒயில் விஷயம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை பழகி, பிறகு மாத்தளை டவுனில் ஒரு மருத்துவ உதவித் திட்டத்தின் கராஜுக்குப் பொறுப்பாக இருந்தேன். மாரி பாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். கோபக்காரன் என்றும் தெரியும். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்காதவனை நான் ஏசுகிற ஏச்சு அடுத்த தெருவில் இருந்த பேக்கரி வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் சண்டை மறுபடி மூண்டிருந்த வருஷங்கள் அவை. மாத்தளையில் சண்டை நடக்கவில்லை. ஆனால் வில்கமுவைக்கு ஒரு பயணம் போய் வருவதற்குள் நாலைந்து இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டும். என் தமிழ்ப் பெயரை வாசித்ததும் அட்டையை இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பார்கள். பைக்குள் ஒரு பழைய பெட்டரியும் கொஞ்சம் வயரும் இருந்ததற்காக எங்கள் தோட்டத்து எலெக்ட்ரீஷியன் ஒருவரை மூன்று நாள் பிடித்து வைத்திருந்தார்கள். மனுஷன் கோயிலில் மணி அடிக்கிற யந்திரத்தைத் திருத்தப் போனவர். இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

எங்கள் திட்டத்தின் வேலை, பஸ் போகாத ஊர்களுக்கு மருந்தும் தடுப்பூசியும் கொண்டுபோவது. லக்கல, பல்லேகம பக்கத்தில் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்கிற ஊர்கள் இருக்கின்றன. ஜீப் போகிற பாதை முடிந்த பிறகும் இரண்டு மூன்று மைல் உள்ளே போக வேண்டும். அதற்காக வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வண்டி அன்பளிப்பாக அனுப்பினார்கள். மொத்தமான நாலு டயர், முன்னாலும் பின்னாலும் சாமான் கட்ட இரும்புத் தட்டு, ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவர் உட்காரலாம். கல்லிலும் ஓடும், சேற்றிலும் ஓடும். பெட்டியை உடைத்து அதை வெளியே எடுத்த அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். அவ்வளவு ஆசை.

அதற்குப் பெயர் வைத்ததும் நான்தான். குட்டி ஜீப். கராஜில் எல்லோருக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போனது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் நாலு ஜீப்புகளுக்குக் கீழே ஐந்தாவதாக என் கையாலேயே "குட்டி ஜீப்" என்று எழுதினேன். கந்தோரில் மேசை வேலை பார்த்தவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். வண்டியோடு ஒரு கைநூல் வந்திருந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவனுக்குப் புத்தகம் என்னத்துக்கு? அந்தத் தலைக்கனம் உங்களுக்கும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை ஒயில் மாற்றியது கண்டியில் இருந்த ஒரு வேலைத்தளத்தில். இரண்டாவது தடவை என் முறை. அப்போதுதான் எங்கள் ஜீப்புகளுக்கு சிந்தெடிக் ஒயில் வரத் தொடங்கியிருந்தது. அருமையான சாமான். சூட்டில் இளகிப்போகாது, என்ஜின் சத்தமே மாறிவிடும். எரிபொருளை மிச்சம் பிடிக்கும் என்று கேனில் பெரிதாகப் போட்டிருக்கும். மூலையில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஊற்றுகிற சாதா ஒயிலும் இருந்தது. வீட்டில் கறி பரிமாறும்போது கடைக்குட்டியின் தட்டுக்குத்தானே நல்ல துண்டு போகும்? அப்படித்தான் நானும் செய்தேன். ஜீப்புக்கு ஊற்றுகிற நல்ல ஒயிலைக் குட்டி ஜீப்புக்கும் ஊற்றி, தட்டிக் கொடுத்து, லொறியில் ஏற்றிப் பல்லேகமவுக்கு அனுப்பினேன்.

அதை ஓட்டியவர் பௌசர். உக்குவெலைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், மூன்று பெண் பிள்ளைகள். முன்பு மிளகு மூட்டை ஏற்றுகிற லொறி ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார். மற்ற டிரைவர்மார் வண்டியைக் கொண்டுவந்து விட்டால் பத்துக் குறை சொல்வார்கள். பௌசர் வண்டியைக் கழுவிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் கராஜுக்கு வந்து நின்றார்.

"பாஸ், வண்டி வழுக்குது."

"எங்க வழுக்குது? சேத்துலயா?"

"சேத்துல இல்ல. நல்ல காஞ்ச ரோட்டுலதான். என்ஜின் கத்துது, வண்டி போகுதில்ல. ஏத்தத்துல மிச்சம் மோசம்."

நான் யோசிக்கக்கூட இல்லை. இந்த வண்டியில் கையால் பிடிக்கிற கிளச் கிடையாது. இடது காலடியில் இருக்கிற கியர் பெடலை அமத்தினால் கிளச் தானாக விலகும், காலை எடுத்தால் தானாகப் பிடிக்கும். பெடலில் காலை ஊன்றிக்கொண்டே ஓட்டினால் கிளச் பாதி விலகியபடியே நிற்கும். என்ஜின் கத்தும், வண்டி போகாது. பௌசர் சொன்ன நோய்க்கு அது அச்சாகப் பொருந்தியது. அதனால் வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பெடல்ல கால வெச்சுக்கிட்டே ஓட்டுறீங்க பௌசர். கால எடுங்க. அது என்னா ஒங்க வீட்டுத் தையல் மெசினா, மிதிச்சிக்கிட்டே இருக்க?"

கராஜே சிரித்தது. பௌசருடைய மனைவி ஊரில் தையல் தைக்கிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"வல்லாஹி பாஸ், நான் கால் வெக்கிறதில்ல."

"ஒங்களுக்குத் தெரியாது. பழக்கத்துல கால் போயிடும். லொறி ஓட்டின காலு."

அடுத்த கிழமை லொறி குட்டி ஜீப்பை மாத்தளைக்குக் கொண்டுவந்தது. பௌசர் இன்னொரு தடவை சொன்னதால் நானே ஏறி கராஜ் முற்றத்தில் மூன்று சுற்று ஓட்டிப் பார்த்தேன். தண்ணி மாதிரி ஓடியது. என்ஜின் சூடாகவில்லை, பாரம் இல்லை, முற்றம் மேசை மாதிரி மட்டம். எந்த இடத்தில் நோய் வருகிறது என்று அந்த மனுஷன் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நான் நோய் வராத இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா?" என்று அவரைக் கேட்டேன். பௌசர் சாவியை வாங்கிக்கொண்டார்.

பிறகு அது நடந்தது. பல்லேகமவிலிருந்து உள்ளே போகிற பாதையில் ஒரு நீளமான ஏற்றம். காலை பத்து மணி. முன் தட்டில் தடுப்பூசி வைத்த ஐஸ் பெட்டி, பின் தட்டில் பிள்ளைகளை நிறுக்கிற தராசும் பால்மாப் பெட்டிகளும், பௌசருக்குப் பின்னால் மருத்துவ மாது. நாங்கள் மிஸ்ஸி என்போம். ஏற்றத்தின் நடுவில் சோளச் சேனையின் வேலியை உடைத்துக்கொண்டு ஒரு தனி யானை பாதையில் இறங்கியது, இவர்களுக்குப் பின்னால் முப்பது கஜம் தூரத்தில்.

பௌசர் முறுக்கினார். என்ஜின் அலறியது. வண்டி போகவில்லை. அலறிக்கொண்டே நின்று, பிறகு யானை நின்ற பக்கமாகவே பின்னால் சறுக்கத் தொடங்கியது. மிஸ்ஸி பயத்தில் குதித்தார். கல்லில் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. பௌசர் வண்டியை வேலியோரம் சாய்த்து நிறுத்திவிட்டு, மிஸ்ஸியை இழுத்து ஒரு பாலை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். ஆனாலும் என்ஜினை அணைக்கவில்லை. அந்த என்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் யானை திரும்பிப் போனது என்று மிஸ்ஸி பிறகு என்னிடம் சொன்னார். இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்: "பௌசர் இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன்."

ஆனால் திட்டத்துக்குக் கை முறிந்த ஒரு ஊழியர் இருந்தார், வீணாய்ப்போன ஒரு பெட்டி தடுப்பூசி இருந்தது, யாராவது ஒருவர் காரணமாக வேண்டும். முகாமையாளர் என்னிடம் அறிக்கை கேட்டார். அவர் சிங்களவர், நேர்மையானவர், என் வேலையில் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கை வைத்தவர். நான் மறுபடியும் அதே முற்றத்தில் மூன்று சுற்று ஓட்டினேன். பிறகு மூன்று வரி எழுதினேன். வாகனத்தில் இயந்திரக் குறைபாடு எதுவும் இல்லை. கியர் பெடலில் கால் வைத்தபடி ஓட்டியதே காரணம். சாரதி முன்னரே எச்சரிக்கப்பட்டவர்.

மூன்றாவது வரியை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். பௌசரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, அடுத்த திங்கட்கிழமை விசாரணை என்றார்கள். விசாரணையில் பிழை உறுதியானால் வேலை போகும், அத்தாட்சிக் கடிதமும் கிடைக்காது. அந்தக் கடிதம் இல்லாமல் யானைக்கு ஆளை விட்டுவிட்டு ஓடிய டிரைவர் என்ற பெயரோடு மாத்தளையில் எவன் வேலை கொடுப்பான்? ஊருக்குள் கதை அதற்குள் அப்படி மாறியிருந்தது.

விசாரணைக்கு முந்திய வியாழக்கிழமை, அந்த ஏற்றத்துக்கு மேலே இருக்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற நாள். குட்டி ஜீப்பை ஓட்ட ஆள் இல்லை. "நான் போறேன்" என்றேன். எப்படி ஓட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் காட்டலாம் என்ற எண்ணமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. புதிய மிஸ்ஸி முன்கூட்டியே நடந்து போய்விட்டார். நான் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பாரத்தோடு, வெயிலில் புறப்பட்டேன்.

அதே ஏற்றம். கால்வாசி ஏறியதும் என்ஜின் சத்தம் உயர்ந்தது. வண்டி உயரவில்லை. நான் இன்னும் முறுக்கினேன். என்ஜின் கத்து கத்தென்று கத்துகிறது, வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. குனிந்து என் இடது காலைப் பார்த்தேன். கால் பெடலில் இல்லை. பெடலுக்கு ஒரு சாண் தள்ளி, கால்வைக்கிற தட்டில் இருந்தது. அட கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன்.

இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, சுற்றி வந்து பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. முப்பது வருஷ அனுபவம் அந்த வெயிலில் என்னோடு சேர்ந்து முழித்துக்கொண்டு நின்றது. பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அப்போது கீழேயிருந்து ஒரு சிங்கள விவசாயி மோட்டார் சைக்கிளில் வந்தார், பின்னால் யூரியா மூட்டை. பக்கத்தில் வந்து நிறுத்தினார். பேசியது சிங்களத்தில், நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

"என்னாண்ணே, பைக்கு நின்னுருச்சா?"

எனக்கிருந்த எரிச்சலில், "பைக்கு இல்ல, ஜீப்பு" என்றேன்.

மனுஷன் சிரித்துவிட்டார். "ஹேண்டில் இருக்கு, கால அகட்டிப் போட்டு உக்காருறீங்க. அப்பறம் என்னா ஜீப்பு? டயரு ரெண்டு கூட, அவ்வளவுதானே." பிறகு என்னை முறுக்கச் சொல்லி, காதைக் கொடுத்து என்ஜினைக் கேட்டார். "கிளச்சு வழுக்குது போல. என் பைக்குக்கும் போன வருஷம் டவுன்ல ஒருத்தன் கார் ஒயில ஊத்திட்டான். இப்பிடித்தான் கத்துச்சு."

அந்த மனுஷன் எனக்குத் தெரியாத எதையும் சொல்லவில்லை என்பதுதான் கேவலம். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது. ஜீப்பில் என்ஜின் ஒயில் என்ஜினோடு சரி, கிளச் வெளியே காய்ந்து கிடக்கும். மோட்டார் சைக்கிளில் என்ஜின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில் முங்கிக் கிடக்கும். எரிபொருள் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கார் ஒயிலில் வழவழப்புக்கு மருந்து சேர்க்கிறார்கள். என்ஜினுக்கு அது அமுதம். கிளச்சோ உராய்ந்தால்தான் பிடிக்கும். அதன் தட்டுகளுக்கு நடுவில் அந்த மருந்து போனால், சூட்டிலும் பாரத்திலும் வழுக்காமல் என்ன செய்யும்?

சிந்தெடிக் என்பதால் வந்த வினை இல்லை இது, அதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒயிலில் முங்கிக் கிடக்கிற ஈரக் கிளச்சுக்கு ஏற்றது என்று அடையாளம் போட்ட சிந்தெடிக் ஒயில் இருக்கிறது. இந்த வண்டிகளுக்கு அதைப் போடுங்கள், அருமையாக உழைக்கும். எரிபொருள் மிச்சம் என்று போட்ட கார் ஒயிலைத் தொடாதீர்கள். ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் நான் செத்தாலும் ஜீப் ஒயில் ஊற்றியிருக்க மாட்டேன். நான் அதைக் குட்டி ஜீப் என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதை ஜீப்பாகவே பார்த்தேன். ஒயிலை எடுத்த கை அந்தப் பெயரைக் கேட்டுத்தான் எடுத்தது.

முதலில் ஐஸ் பெட்டியை அவிழ்த்து, அந்த விவசாயியிடம் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸியின் கையில் ஒப்படைக்கச் சொன்னேன். மூட்டையை வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு அவர் பெட்டியோடு போனார். பெயர்கூடக் கேட்கவில்லை நான். பிறகு வண்டியைப் பல்லேகமவுக்கு மெல்ல இறக்கி, கடையில் சாதா மோட்டார் சைக்கிள் ஒயில் வாங்கி, ஒரு வாளியில் என் நல்ல ஒயிலை வடித்துவிட்டு மாற்றினேன். பழைய ஒயில் தட்டுகளில் ஊறியிருந்ததால் கிளச் முழுசாகப் பிடிக்கவில்லை. அது பிறகு தட்டுகளை மாற்றிய பின்னர்தான் சரியானது. ஆனாலும் அந்த ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. ஏறியதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இப்போது உண்மை தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். ஒயிலை மாற்றியாகிவிட்டது, தட்டுகளையும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி இனி வழுக்காது, "புது டிரைவர் வந்ததும் சரியாயிருச்சு" என்பார்கள், என் அறிக்கை உண்மையாகிவிடும். மாத்தளைக்குத் திரும்புகிற வழியில் சோதனைச் சாவடியில் இறங்கி நின்றேன். சிப்பாய் வழக்கம்போல என் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு தமிழன் வண்டிக்குள் ஊற்றக்கூடாததை ஊற்றி, யானைக்கு முன்னால் அது நின்றுபோய், ஒரு சிங்கள மிஸ்ஸியின் கை முறிந்தது. அந்தக் காலத்தில் இதற்குப் பிழை என்றா பெயர் வைப்பார்கள், நாசவேலை என்றா? எலெக்ட்ரீஷியனின் பெட்டரி எனக்கு ஞாபகம் வந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க. ஒங்களப் புடிச்சிட்டுப் போனாங்கன்னா நானும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்களும் எங்க போய் நிப்போம்?"

"அவருக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க."

அவள் கரண்டியை எடுத்து என் தட்டில் சோறு போட்டாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் ஒரு முடிவும் எடுக்கவில்லை. எடுத்தேன் என்று உங்களிடம் பெருமையாகச் சொல்லலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் எடுக்கவில்லை. பயந்துபோய்க் கிடந்தேன். ஞாயிறு பின்னேரம் கராஜைத் திறந்து, அலமாரியிலிருந்த கைநூலின் உறையைக் கிழித்தேன். மோட்டார் சைக்கிளுக்குரிய ஒயிலைத்தான் பாவிக்க வேண்டும், எரிபொருள் மிச்சம் என்று குறித்த ஒயில் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு கேனை வரைந்து குறுக்கே கோடும் கிழித்திருந்தார்கள். வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும்.

திங்கட்கிழமை கந்தோரில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் முகாமையாளர், திட்டத்தின் டாக்டர், பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். பௌசர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்றார். ஒரு கிழமைக்குள் முகம் வற்றிப்போயிருந்தது. நான் சாட்சி என்பதால் சுவரோரம் கதிரை போட்டிருந்தார்கள். கைநூல் என் மடியில் இருந்தது. உள்ளே போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாய் வரவில்லை. கேட்கும்போது சொல்லலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முகாமையாளர் என் மூன்று வரியையும் வாசித்தார். "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று பௌசரைக் கேட்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். என்னைக் கை காட்டுவார், தையல் மெசின் கதையைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"சேர், நான் கால் வெக்கல்லன்டுதான் மொதல்ல நெனச்சேன்" என்றார் பௌசர். "ஆனா மாரி பாஸ் பாத்து எழுதினா அது சரியாத்தான் இருக்கும். அவருக்குத் தெரியாத வண்டி இல்ல. இந்த ஒரு கிழமையா ஒவ்வொரு நாளும் யோசிச்சிப் பாக்குறேன். எனக்கே தெரியாம வெச்சிருப்பேன் போல. மிஸ்ஸிட கை ஒடஞ்சது என்னாலதான். அப்பிடியே எழுதிக்கொள்ளுங்க சேர்."

நான் எழுந்துவிட்டேன். கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சேர், அவரு கால் வெக்கல. நான்தான் ஒயிலு பிழையா ஊத்திட்டேன். அந்த ஏத்தத்துல வியாழக்கெழமை எனக்கும் அப்பிடியே நின்னுச்சு. என் கால நான் குனிஞ்சு பாத்தேன்." கைநூலை விரித்து மேசையில் வைத்தேன்.

பாதுகாப்பு அதிகாரி கைநூலை இழுத்து வாசித்தார். நிதானமாகத்தான் கேட்டார். "பைக்குக்குக் கார் ஒயில் ஊற்றினால் கிளச் வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சேர்."

"எத்தனை வருஷமாகத் தெரியும்?"

"வேல பழகின நாள்ல இருந்து தெரியும்."

"தெரிந்தும் ஊற்றினீர்களா?"

அதை நான் ஜீப் என்று நினைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? எனக்கே நம்ப முடியாத பதில். முகாமையாளர் என்னைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்" என்றார் பௌசர். "பாஸ் அதுக்கு ஊத்தினது கராஜுல இருந்ததுலயே நல்ல ஒயில். பைக்குக்கு ஊத்துற சாதா ஒயில அந்த வண்டிக்குக் கிட்டக்கூட கொண்டு வரமாட்டாரு. அவருட சொந்தப் புள்ளய மாதிரி ஆசை அதுல. கோவம் வந்தா எங்களத்தான் ஏசுவாரு. வண்டிக்கு ஒண்டும் செய்யமாட்டாரு."

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். அதிகாரி பௌசரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கைநூலை மூடி என் பக்கம் தள்ளினார். என் அறிக்கையை ரத்துச் செய்து, எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். பௌசரை அன்றைக்கே வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள்.

வெளியே கந்தோர்ப் படியில் இரண்டு பேரும் நின்றோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் ஏசிப் பழகிய வாய்க்கு அது லேசில் வருமா?

"பௌசர், நான் ஒங்களுக்குப் பெரிய அநியாயம் பண்ணிட்டேன்" என்றேன்.

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் கால் வெக்கல்ல தானே, பாஸ்?"

"வெக்கல."

"ஒருக்கா சரி?"

"ஒருக்கா கூட வெக்கல பௌசர்."

பௌசர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாகனங்கள் போய்வருகிற வீதியைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.